கசிவு முழுதாக நிற்கவில்லை, ஆனாலும் திருப்தி

பிரிட்டனில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்பட்ட 380 ஆண்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். கசிவை நிறுத்துவதற்கென்றே அவர்களுக்கு இரண்டு பிரிவாக, இரண்டு வகையில் இன்னோர் அறுவை சிகிச்சை. ஓராண்டு கழித்து, ‘இப்போதும் கசிகிறதா?’ என்று கேட்டார்கள். ஒரு பிரிவில் 87 சதவீதம் பேரும், மற்றொரு பிரிவில் 84 சதவீதம் பேரும் ‘ஆம்’ என்றார்கள்.

இந்த எண்ணை மட்டும் படிப்பவருக்கு இது படுதோல்வி. ஆனால் அதே ஆண்கள், சிகிச்சை திருப்தியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு, இரண்டு பிரிவிலும் பெருமளவில் ‘திருப்திதான்’ என்று பதில் எழுதியிருந்தார்கள்.

இரண்டு பதிலும் உண்மை. ‘மாஸ்டர்’ என்ற அந்த ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை சில சொட்டு வந்தாலும் அது கசிவு என்றே கணக்கிடப்பட்டது. பிரிஸ்டல் நகரின் சிறுநீரியல் நிபுணர் பால் ஆப்ராம்ஸ் தலைமையிலான குழு வேண்டுமென்றே கடுமையான அளவுகோலை வைத்திருந்தது. கசிவின் தொல்லையை 21 மதிப்பெண்ணுக்கு அளந்தபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. சிகிச்சைக்கு முன் சராசரி 16 இருந்தது. ஓராண்டில் ஒரு பிரிவில் 8.7, மற்றொன்றில் 7.5. அதாவது, பாதியாகக் குறைந்திருந்தது. அந்தப் பாதிக்குள்தான் இந்த ஆண்களின் வாழ்க்கை திரும்பி வந்திருக்கிறது.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சிறுநீரை அடக்கிவைக்க அந்த இடத்தில் இரண்டு காவல்கள் உண்டு. சிறுநீர்ப்பையின் வாயிலில் ஒரு சுருக்குத் தசை. புராஸ்டேட்டுக்குக் கீழே இன்னொன்று. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக அகற்றும்போது மேலே இருக்கும் காவல் பெரும்பாலும் போய்விடுகிறது. எஞ்சிய கீழ்த்தசை தனியாக எல்லாச் சுமையையும் தாங்க வேண்டும். அது பலவீனப்பட்டிருந்தால் இருமும்போது, தும்மும்போது, நாற்காலியிலிருந்து எழும்போது, பையைத் தூக்கும்போது சிறுநீர் வெளியேறும். காலையில் ஒரு சொட்டும் இல்லாமல் இருப்பவருக்குச் சாயங்காலத்தில் நனைந்துவிடுவதும் இதனால்தான். நாள் முழுக்க உழைத்த தசை அதற்குள் களைத்துப்போகிறது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது பதில். நெடுங்காலம் அறுவை நிபுணர்களே தங்கள் நோயாளிகளின் நலனைக் குறித்துவைத்து எழுதினார்கள். எண்கள் சிறியவையாக இருந்தன. 1993-ல் அமெரிக்காவில் ஃபிளாய்ட் ஃபவுலரும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளையே நேரடியாகக் கேட்டார்கள். 1988 முதல் 1990 வரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட மூத்த ஆண்களில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஈரத்தைச் சமாளிக்க பேடோ கிளிப்போ பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மருத்துவ உலகுக்கு அது அதிர்ச்சி. மருத்துவர் முன்னால் ‘நல்லா இருக்கேன் டாக்டர்’ என்று சொல்லிவிட்டு வந்த ஆண், ஆய்வாளரின் கேள்விக்கு மனம் திறந்திருந்தார்.

மூன்று ஆண்டுகளில் அந்த மௌனம் வேறொரு பக்கத்திலிருந்தும் உடைந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பதிப்பாசிரியர் மைக்கேல் கோர்டா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தனக்கு நடந்த புராஸ்டேட் அறுவை சிகிச்சை பற்றியும் அதன் பின்விளைவுகள் பற்றியும் 1996-ல் ஒரு புத்தகமே எழுதினார். செல்வாக்கும் வசதியும் உள்ள ஒருவர், உலகின் தலைசிறந்த நிபுணரிடம் சிகிச்சை பெற்றவர், சிறுநீர்க் கசிவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதியது அன்றைக்குப் பெரிய விஷயம்.

அறுவை நுட்பங்கள் அதற்குப் பின் நிறைய வளர்ந்தன. ரோபோ வந்தது. ரோபோ வந்தால் கசிவு ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கையும் வந்தது. ஸ்வீடனில் 14 மருத்துவமனைகளில் செய்து, 2015-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை நிதானப்படுத்தியது. ஓராண்டு முடிவில் ரோபோ சிகிச்சை பெற்றவர்களில் 21.3 சதவீதம், வழக்கமான திறந்த அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 20.2 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். பிரிட்டனின் ‘புரொடெக்ட்’ ஆய்வு ஆண்களை இன்னும் நெடுங்காலம் பின்தொடர்ந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஆறாவது மாதத்தில் 46 சதவீதம் பேர் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆண்டில் அது 17 சதவீதமாகக் குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுவரை தொடர்ந்தபோது 24 சதவீதமாக மீண்டும் ஏறியிருந்தது. வயதும் தன் பங்குக்குத் தசையைத் தளர்த்துகிறது.

முதல் ஓராண்டு பொறுத்திருப்பது பொதுவாகச் சரியான அறிவுரை. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலத்தில் நிலைமை தானாகவே தேறுகிறது. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். ஆனால் அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2011-ல் ‘லான்செட்’ இதழில் வந்த, கசிவு உள்ளவர்களை மட்டுமே சேர்த்த பிரிட்டன் ஆய்வில், தேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் தனித்தனியாக உட்கார்ந்து பயிற்சி கொடுத்த பிரிவில் ஓராண்டுக்குப் பின் 76 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்ட பிரிவில் 77 சதவீதம். இரண்டு ஆண்டாகப் பயிற்சி செய்தும் கசிவு நிற்காத ஒருவரிடம், ‘நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை’ என்று சொல்வது அநியாயம். ஏற்கெனவே கூசிக்கிடக்கும் மனிதரின் தலையில் பழியையும் ஏற்றிவைப்பது அது.

அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இரண்டாவது அறுவை சிகிச்சை.

மருத்துவமனைகளில் தினமும் புழங்கும் ஃபோலி கத்தீட்டர் என்ற பெயருக்கு உரியவரான ஃபிரெடரிக் ஃபோலி, 1947-லேயே சிறுநீர்க் குழாயை வெளியிலிருந்து இறுக்கும் ஒரு கருவியை விவரித்தார். அதை இயக்கும் பம்ப்பை நோயாளி பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். உடலுக்குள் முழுதாகப் பொருத்தும் கருவி வர இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஹூஸ்டன் நகரின் பிராண்ட்லி ஸ்காட், மினசோட்டாவின் வில்லியம் பிராட்லி, ஜெரால்ட் டிம் ஆகியோர் கூட்டாக உருவாக்கிய செயற்கைச் சுருக்குத் தசை 1972-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதன் வழிவந்த ‘ஏ.எம்.எஸ். 800’ என்ற மாடல் 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. நாற்பது ஆண்டு கடந்தும் அடிப்படை வடிவம் மாறவில்லை.

அதில் மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. சிலிகோனால் ஆன மூன்று பாகங்கள், நடுவே மெல்லிய குழாய்கள், உள்ளே திரவம். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் கட்டும் பட்டையைப் போல அது உப்பியிருக்கும்வரை குழாய் மூடியிருக்கும். அடிவயிற்றுக்குள் ஒரு சிறு பலூன். விதைப்பைக்குள் ஒரு பம்ப். சிறுநீர் கழிக்க நினைப்பவர் தோலுக்கு மேலிருந்தே பம்ப்பைச் சில முறை அழுத்துவார். பட்டையிலுள்ள திரவம் பலூனுக்குப் போகும், குழாய் திறக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் திரவம் தானாகவே பட்டைக்குத் திரும்பி மறுபடி மூடிக்கொள்ளும். பொருத்தியவுடன் இது வேலை செய்யாது. காயம் ஆற ஏறத்தாழ ஆறு வாரம் கருவியை நிறுத்தியே வைத்திருப்பார்கள். அந்த ஆறு வாரமும் பழைய பேட்தான். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி நொந்துபோகிறார்.

கசிவு லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ளவர்களுக்கு ‘ஸ்லிங்’ உண்டு. வலைப்பின்னலாலான ஒரு நாடாவைச் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் கொடுத்து, தளர்ந்து சரிந்த இடத்தைச் சற்று மேலே தூக்கி நிறுத்துவது. அழுத்துவதற்குப் பம்ப் இல்லை, பழுதாக இயந்திரம் இல்லை. பல ஆண்கள் இதையே விரும்புவது புரிந்துகொள்ளக்கூடியது. மாஸ்டர் ஆய்வு ஒப்பிட்டதும் இந்த இரண்டையும்தான். கசிவு உண்டா இல்லையா என்ற கடுமையான கேள்வியில் ஸ்லிங் பின்தங்கிவிடவில்லை. ஆனால் தொல்லை எவ்வளவு குறைந்தது என்பது போன்ற மற்ற அளவுகளில் எங்கெல்லாம் தெளிவான வித்தியாசம் தெரிந்ததோ, அங்கெல்லாம் அது செயற்கைச் சுருக்குத் தசைக்கே சாதகமாக இருந்தது. கடுமையான பாதகங்கள் ஸ்லிங்கில் 6, மற்றதில் 13.

இனி நீண்டகாலத் திருப்தி.

1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைச் சுருக்குத் தசை பொருத்திய 50 ஆண்களைக் கேட்டது. முழுதாகக் கசிவு நின்றவர்கள் 20 சதவீதம்தான். ஆனால் 90 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். 92 சதவீதம் பேர், மறுபடி தேர்வு செய்யச் சொன்னாலும் இதையே செய்துகொள்வோம் என்றார்கள். நண்பருக்குப் பரிந்துரைப்போம் என்றவர்கள் 96 சதவீதம். ஐந்தாறு பேட் மாற்றியவர் ஒரு மெல்லிய பேடுக்கு வந்துவிட்டால், அந்த ஒரு பேட் அவருக்குத் தோல்வியாகத் தெரிவதில்லை. பேருந்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறதா, கல்யாண வீட்டில் சாப்பிட்டு எழும்போது கால்சட்டையைப் பார்க்காமல் எழ முடிகிறதா, பேரனைத் தூக்க முடிகிறதா என்பவை அவர் மனத்தில் ஓடும் கணக்குகள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-ல் ஐரோப்பியச் சிறுநீரியல் இதழில் வந்த கட்டுரையும் இந்த இடைவெளியையே காட்டியது. நாளுக்கு ஒரு பேட் அல்லது பேடே இல்லை என்ற நிலையை எட்டியவர்கள் சராசரியாக 79 சதவீதம். ஒரு சொட்டும் இல்லை என்றவர்களின் பங்கு, ஆய்வுக்கு ஆய்வு 4-லிருந்து 86 சதவீதம்வரை தாவியது.

இருந்தாலும் 90 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. 2001-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு 71 ஆண்களைச் சராசரியாக 7.7 ஆண்டு கழித்துக் கேட்டது. 58 சதவீதம் பேர் மிகவும் திருப்தி, 19 சதவீதம் பேர் திருப்தி, 23 சதவீதம் பேர் அதிருப்தி. ஏறக்குறைய நான்கில் ஒருவர். அவர்களையும் கேட்டாக வேண்டும். கேள்வித்தாளுக்குப் பதில் போடுகிறவர்களில் நலமாக இருப்பவர்களே அதிகம் என்பதும், கருவியைக் கழற்ற நேர்ந்தவர் பல ஆய்வுகளின் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார் என்பதும் இத்துறையினருக்குத் தெரிந்த குறைகள். புற்றுநோயிலிருந்து பிழைத்தவரிடம் பொதுவாகவே ஒரு நன்றியுணர்வு இருக்கும். ‘உயிரோடு இருக்கிறேனே, இதற்கு மேல் என்ன குறை சொல்ல’ என்ற மனநிலையும் ‘திருப்தி’ என்ற கட்டத்தில்தான் டிக் அடிக்கிறது.

கருவியின் ஆயுள் பற்றி மயோ கிளினிக் 2015-ல் வெளியிட்ட கணக்கு மிகவும் நேர்மையானது. 1983-லிருந்து 2011 வரை அங்கே முதன்முறையாகக் கருவி பொருத்திய 1,082 பேரைப் பின்தொடர்ந்தார்கள். மறு அறுவை இல்லாமல் கருவி நீடித்தவர்கள் ஐந்தாவது ஆண்டில் 74 சதவீதம், பத்தாவது ஆண்டில் 57, பதினைந்தாவது ஆண்டில் 41. மறு அறுவை தேவைப்பட்ட 338 பேரில் 131 பேருக்குக் கருவி பழுது. 89 பேருக்குக் கிருமித் தொற்று, அல்லது பட்டை சிறுநீர்க் குழாயை அரித்து உள்ளே நுழைந்துவிட்டது. இன்னும் 89 பேருக்கு, பட்டையின் இறுக்கத்தில் குழாயின் திசு மெலிந்து கசிவு திரும்பியது. பழுதான கருவியை மாற்றிவிடலாம். தொற்றும் அரிப்பும் வந்தால் மொத்தமாகக் கழற்றி, மாதக்கணக்கில் காத்திருந்து, முடிந்தால் மீண்டும் பொருத்த வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சையும் பெற்ற ஆண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஆக, 65 வயதில் இதைப் பொருத்திக்கொள்கிறவர் 75-க்கும் 80-க்கும் இடையில் இன்னொரு முறை அறுவை மேசைக்குப் போக நேரலாம். ‘இது காலப்போக்கில் பலம் குறையும், மறு அறுவை சகஜம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி நெறி மருத்துவர்களுக்கு வெளிப்படையாகவே கூறுகிறது. அந்தப் பேச்சு ஒழுங்காக நடந்த இடத்தில் மறு அறுவை நோயாளியை நிலைகுலைய வைப்பதில்லை. ஒரு சொட்டுகூட வராது என்று நம்பவைக்கப்பட்டவர் முதல் துளியிலேயே ஏமாந்துபோகிறார்.

கருவியோடு சேர்ந்து மனிதருக்கும் வயதாகிறது என்பதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பம்ப்பை அழுத்த விரல்களில் வலு வேண்டும், கொஞ்சம் நிதானம் வேண்டும். பக்கவாதம், கைநடுக்கம், மூட்டுவாதம் வந்தால் அந்த எளிய வேலையும் கடினமாகிவிடும். மறதி நோய் வந்தால் பம்ப் இருப்பதே நினைவிலிருந்து போய்விடும். அப்போது சிறுநீர் உள்ளேயே தேங்கும். மனைவியோ மகனோ அதை இயக்கத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அல்லது மருத்துவர் கருவியைத் திறந்த நிலையில் நிறுத்திவிட வேண்டும். அறுவைக்கு முன்பே நோயாளியின் விரல்களைச் சோதித்துப் பார்ப்பதும், குடும்பத்தில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவதும் இதற்காகத்தான்.

இன்னோர் ஆபத்தும் உண்டு, அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. இந்தக் கருவி உள்ள ஒருவர் இதய நோய்க்கோ எலும்பு முறிவுக்கோ வேறொரு மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்படுகிறார். வழக்கம்போலக் கத்தீட்டர் போடுகிறார்கள். உள்ளே ஒரு பட்டை இறுக்கி மூடியிருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. பட்டையைத் திறந்து நிறுத்திவைக்காமல் கத்தீட்டரைச் செலுத்தினால் சிறுநீர்க் குழாய் காயப்பட்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவியையே கழற்ற நேரிடலாம். கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். மயக்கத்தில் இருப்பவர் பர்ஸை எடுத்துக் காட்ட மாட்டார். வீட்டிலுள்ள எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருப்பது அதைவிடப் பத்திரம்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் பெரும்பாலோர் திருப்தி என்கிறார்கள். ஆனால் இந்தச் சிகிச்சைவரை வந்து சேர்கிறவர்களோ மிகச் சொற்பம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1993 முதல் 2006 வரை புராஸ்டேட்டை அகற்றிக்கொண்ட 25,346 ஆண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, செயற்கைச் சுருக்குத் தசையோ ஸ்லிங்கோ பொருத்திக்கொண்டவர்கள் 703 பேர், 2.8 சதவீதம். அங்கே அரசே மருத்துவச் செலவை ஏற்கிறது. அறுவை முடிந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குப் பேட் வைத்துக்கொள்கிறார்கள் என்ற மற்ற ஆய்வுகளின் கணக்கோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் இடைவெளியின் அகலம் தெரியும். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது என்பது சரி. ஆனால் ‘வயசானா இப்படித்தான்’ என்று தன்னையே தேற்றிக்கொண்டு இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்? ஆண்கள் கழிப்பறைகளில் பேட் போட ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லை என்பதற்காக ‘புராஸ்டேட் கேன்சர் யுகே’ என்ற அமைப்பு தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பயன்படுத்திய பேடைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் ஆண்களின் நிலை அதற்குப் பிறகுதான் அந்நாட்டில் பலருக்கு உறைத்தது.

இந்தியாவில் செயற்கைச் சுருக்குத் தசை இறக்குமதியாகிறது. கருவிக்கே லட்சக்கணக்கில் செலவாகும். மறு அறுவை வந்தால் அந்தச் செலவும் மறுபடி வரும் என்பதை இங்கே முதல் நாளே பேச வேண்டும். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்காகக் குழாய் வழியாக உள்ளே சென்று சுரண்டி எடுக்கும் சிகிச்சையைத்தான் நம் வீடுகளில் பலரும் ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்கிறார்கள். நீடித்த கசிவு அதில் அபூர்வம். கசிவுக்குப் பயந்து வீக்கத்துக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

விரலால் அழுத்தும் வேலையைப் போக்கும் முயற்சியும் நடக்கிறது. கிரெனோபிள் நகரைச் சேர்ந்த யூரோமெம்ஸ் நிறுவனம் உருவாக்கிய மின்னணுச் செயற்கைச் சுருக்குத் தசை 2022-ல் பிரான்ஸில் முதன்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பம்ப்பை அழுத்தத் தேவையில்லாத அந்தக் கருவி, கைநடுக்கம் உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதலாக அமையக்கூடும். பேட்டரி உள்ள ஒன்று பத்து, பதினைந்து ஆண்டு எப்படித் தாங்கும் என்பது அதைச் சுமக்கப்போகும் ஆண்களிடம் கேட்டுத்தான் தெரியவரும்.

கசிவு தானாக நிற்குமா என்று காத்திருப்பவர்களுக்குக் கால அளவு பற்றி இப்போது தெளிவு இருக்கிறது. அமெரிக்க வழிகாட்டி நெறிப்படி, ஆறு மாதம் பயிற்சி செய்தும் முன்னேற்றம் தெரியாத, தொல்லை தாங்க முடியாதவர்களிடம் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்கலாம். ஓராண்டு கடந்தும் கசிவு வாட்டினால் அந்த வாய்ப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்டாரியோவின் அந்த 703 பேர் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 2.9 ஆண்டு. ஓராண்டுக்குப் பிறகு அவர்கள் பேடோடு கழித்த மாதங்களில் பெரும்பகுதிக்கு மருத்துவரீதியான தேவை எதுவும் இருக்கவில்லை.